கதவிலிருந்து கட்டில் வரை

'படார்' என்ற சத்தத்தோடு வெண்டல் ப்ரெக்கியின் வலது கால் தரைக்குள் முழங்கால் வரை போய்விட்டது.

கையிலிருந்த காபிக் கோப்பை எதிர்ச் சுவரில் மோதிச் சிதறியது. அடுப்பு மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் தவம் இருப்பவனைப் போல அவன் நின்றான். வண்டியில் மாட்டி இழுத்துப் போகிற அந்த ட்ரெய்லர் வீடு மொத்தமும் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

வெளியே, ட்ரெய்லரின் அடிவயிற்றை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த லைலின் மூக்குக்கு நேரே ஒரு பூட்ஸ் வந்து தொங்கியது.

"பாஸ், மேலேருந்து ஒரு கால் இறங்கியிருக்கு. நம்ம கட்சிக்காரரோடதுன்னு தோணுது. அடையாளம் காட்ட வர்றியா?"

பெர்னடெட் கோவால்கே ஏற்கெனவே உள்ளேதான் இருந்தாள். வெண்டலின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"காலை ஆட்டாதீங்க, மிஸ்டர் ப்ரெக்கி. உடைஞ்ச பலகை குத்தும்."

"பாத்தீங்களா மேடம்? நான் சொன்னப்போ நம்பலியே. இப்ப இந்தத் தரையே சாட்சி."

"தரை உங்க காலைத்தான் பிடிச்சிருக்கு. வேற யாரையும் பிடிச்ச மாதிரி தெரியல."

பெர்னடெட் துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் விஸ்கான்சின் மாநிலம் முழுக்கச் சுற்றி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நனைந்த வீடுகளையும் எரிந்த கொட்டகைகளையும் பார்த்து, எது விபத்து, எது கைவேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவள். லைல் அவளுடைய உதவியாளன். அதற்கு முன் அவளுடைய புருஷன். விவாகரத்து ஆன மறு வருஷம் வேலை கேட்டு வந்து நின்றான். 'உன் பொய்யெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. புதுசா ஒருத்தன் பொய்யைப் படிக்க எனக்குப் பொறுமை இல்ல' என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டாள்.

வெண்டல் பால் டாங்கர் ஓட்டுகிறவன். வாரம் முழுக்க ரோட்டில் கிடந்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை மீன் வறுவல் தட்டு வைக்கும் நேரத்துக்கு இந்த ஏரிக்கரை முகாமுக்கு வந்து சேருவான். அவன் மனைவி ஜோலீன் கோடை முழுக்க இங்கேயேதான், பைன் மரங்களுக்கு நடுவே, இந்தப் பழைய ட்ரெய்லரில். வசந்தத்தில், அவன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தன் சொந்தச் சேமிப்பில் அவள் வாங்கியது.

ட்ரெய்லரை விலைக்குப் பார்க்க வந்தவர்களாகத்தான் பெர்னடெட்டும் லைலும் இன்று காலை வந்து இறங்கியிருந்தார்கள். அப்படித்தான் ஜோலீனிடம் சொல்லி வைத்திருந்தான் வெண்டல். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அழுக்குத் துணிக் கூடையோடு முகாமின் சலவை அறைக்குப் போயிருந்தாள்.

லைல் உள்ளே வந்தான். இருவரும் சேர்ந்து வெண்டலின் காலை மெல்ல வெளியே எடுத்தார்கள். கணுக்காலுக்கு மேல் நீளமாகச் சிராய்த்திருந்தது. வெண்டல் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும் மேடம். இங்க ஒருத்தன் வந்து போறது நிஜம்னா, ட்ரக்கை மாட்டி இதை இழுத்துக்கிட்டுப் போயிடுவேன். அவ தன் தங்கச்சி வீட்டுக்குப் போகட்டும். இருபத்தஞ்சு வருஷக் கல்யாணம் இன்னியோட சரி."

"ஒருத்தன் வர்றான்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"அந்தக் கதவுகிட்ட காலை வெச்சுப் பாருங்க. மெத்துனு இருக்கா? அங்கேருந்து அமுக்கிக்கிட்டே வாங்க. மெத்து, மெத்து, மெத்துனு எங்க போய் முடியுது?"

ட்ரெய்லரின் கதவு பின்கோடியில் இருந்தது. கட்டில் முன்கோடியில்.

"கட்டில்ல," என்றான் லைல்.

"கட்டில்ல," என்று வெண்டல் பல்லைக் கடித்தான். "ஏரிலேருந்து ஈரக் காலோட ஒருத்தன் ஏறி வர்றான். கதவுலேருந்து கட்டில் வரைக்கும் நடக்கறான். ஒரு கோடை பூரா நடந்தா பலகை ஊறாம என்ன செய்யும்?"

"ஆள் நடந்து இவ்வளவு ஊறணும்னா, வர்றது நீர்யானையாத்தான் இருக்கணும்."

"லைல்," என்றாள் பெர்னடெட்.

"சரி. கால் கொஞ்சம் பெரிய ஆளா?"

"டுவேன் ஆஸ்ட்ராண்டர். ரெண்டு இடம் தள்ளி நீலப் படகு கிடக்கு பாருங்க, அங்க தனியா இருக்கான். பெண்டாட்டி செத்துட்டா. அந்த வழுக்கைத்தலையன்தான்."

"நீங்க அவரோட பேசியிருக்கீங்களா?"

"நானா? நான் இருக்கற நாள்ல அவன் இந்தப் பக்கமே தலை வெக்க மாட்டான். கை குலுக்கினது கூடக் கிடையாது. தூரத்துல படகுல போறப்போ பாத்திருக்கேன், அவ்வளவுதான்."

"அப்போ அவர் வர்றார்னு?"

வெண்டல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நாலு பேர் சொல்றாங்க."

பெர்னடெட்டும் அதே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நீலப் படகின் பக்கத்தில் நெட்டையாக ஒருவன் துடுப்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். விதைக் கம்பெனியின் பச்சைத் தொப்பி புருவம் வரை இறங்கியிருந்தது. தொப்பிக்குக் கீழே காதோரத்தில் நரைமுடி அடர்த்தியாகச் சுருண்டிருந்தது.

அவள் ஷூவைக் கழற்றினாள். கதவிலிருந்து ஆரம்பித்து, குதிகாலால் ஒவ்வொரு அடியாக அழுத்திக்கொண்டே போனாள். தரை அமுங்கிய இடத்திலெல்லாம் லைல் காகித டேப்பை ஒட்டிக்கொண்டு பின்னால் வந்தான். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, வெண்டல் சொன்னது சரியாக இருந்தது. டேப்புத் துண்டுகள் கதவிலிருந்து வளைந்து வளைந்து, அடுப்பைத் தாண்டி, நேரே கட்டில் பக்கம் போய் நின்றன. அடிச்சுவடு மாதிரியே.

வெண்டலின் காது சிவந்தது. "இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒரு முட்டை வேணும்," என்றாள் பெர்னடெட்.

லைல் பிரிட்ஜைத் திறந்து ஒன்றை எடுத்தான். கதவருகே தரையில் வைத்துக் கையை எடுத்தான். முட்டை ஒரு கணம் யோசித்தது. பிறகு தள்ளாடித் தள்ளாடி உருண்டு, அடுப்பைத் தாண்டி, உடைந்த பள்ளத்தின் ஓரமாக ஒதுங்கிக் கட்டில் காலில் போய் முட்டி நின்றது.

"மிஸ்டர் ப்ரெக்கி," என்றான் லைல் வருத்தமான குரலில், "முட்டையும் கதவுலேருந்து கட்டிலுக்குத்தான் போகுது. இதையும் சந்தேகப் பட்டியல்ல சேத்துக்கலாமா?"

"இவர் எப்பவுமே இப்படித்தானா?" என்று வெண்டல் பெர்னடெட்டைக் கேட்டான்.

"நான் விவாகரத்து வாங்கினது சும்மாவா?" என்றாள் அவள். "இந்த இடம் ஏரிப் பக்கமா சரியுது. ட்ரெய்லரோட முன்பக்கம் தாழ்ந்திருக்கு. எந்தத் தண்ணியா இருந்தாலும் அந்த வழியாத்தான் போகும். லைல், விரிப்பு மேல தேஞ்சிருக்கா பாரு."

தரையில் ஒட்டியிருந்த வினைல் விரிப்பை லைல் தடவிப் பார்த்தான். "கல்யாணப் பொண்ணு கன்னம் மாதிரி இருக்கு. ஒரு கீறல் இல்ல."

"ஈரக் கால் நடந்திருந்தா மேலே தேஞ்சு, அப்புறம்தான் அடியில் ஊறும். இங்க மேலே புதுசு, அடியில் கூழ். தண்ணி மேலேருந்து இறங்கல. அடியிலேயே ஓடியிருக்கு."

வெண்டல் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள அவனுக்கு விருப்பமும் இல்லை. பொறாமைக்காரனிடம் சந்தேகத்தைத் தூக்கி எறி என்பது, பசியோடு இருப்பவனிடம் தட்டைக் கீழே வை என்பது மாதிரி.

உடைந்த இடத்திலிருந்து விரிப்பை லைல் கத்தியால் மெல்லக் கிளப்பினான். மரச் சீவலை அழுத்திச் செய்த பலகை கறுத்துப்போய், பாலில் ஊறிய ஓட்ஸ் மாதிரி கையோடு வந்தது. புளித்த நாற்றம். அவன் கட்டில் பக்கமாக இன்னும் கொஞ்சம் கிளப்பினான். சட்டென்று கை நின்றது.

"பாஸ். இங்க வா."

கட்டிலுக்குப் பக்கத்தில் அழுகல் இல்லை. அங்கே புத்தம் புது ப்ளைவுட் இருந்தது. கெட்டதை அளவாக அறுத்தெடுத்துவிட்டு, கீழே தாங்குகட்டை கொடுத்து, சதுரம் சதுரமாகப் பொருத்தியிருந்தார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே தலைமுடி நுழைய இடம் இல்லை. மேலே விரிப்பை அடையாளம் தெரியாமல் மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

பெர்னடெட் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மரத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூக்களின் தலைகளைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்தவை மங்கிப் பழுப்பேறியிருந்தன. அடுத்த துண்டில் அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. கடைசித் துண்டில் கண்ணாடி மாதிரி பளபளத்தன.

"ரெண்டு நாள்ல முடியற வேலை," என்றான் லைல். "இந்த ஆள் ஒரு துண்டு போட்டு, ஆற வெச்சு, அடுத்த துண்டு போட்டிருக்கான். நம்ம மாவட்டத்துல ரோடு போடறவங்க கூட இவனைப் பாத்தா வெக்கப்படுவாங்க."

பெர்னடெட் சிரிக்கவில்லை. கடைசித் துண்டின் விளிம்பில் விரலை ஓட்டினாள். "அழகான வேலை."

"என்ன பெரிய அழகு?" என்றான் லைல். "அந்தப் பல் டாக்டரைப் பத்தியும் இப்படித்தான் சொன்னே."

"அவர் கை மென்மையா இருக்குன்னு சொன்னேன். பல்லுக்கு."

"பல்லுக்குப் போனவ ஏன் சாப்பாட்டுக்கும் போனே? கேக்கக்கூடாதுதான். கேக்கல."

"இது யார் போட்டது?" என்று வெண்டல் உறுமினான்.

"நான் போட்டேன்."

கதவில் ஜோலீன் நின்றிருந்தாள். இடுப்பில் ஈரத்துணிக் கூடை. உடைந்த தரையையும், கிளப்பிய விரிப்பையும், கணவனின் காலில் ஒழுகிய ரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "கால்ல என்ன? உட்காரு முதல்ல."

"கால் கிடக்கட்டும். நீ எப்ப தச்சு வேலை கத்துக்கிட்டே?"

"கத்துக்கல. நான் பலகையைப் பிடிச்சேன். டுவேன் அறுத்தார்."

வெண்டல் பெர்னடெட்டைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு வெற்றி இருந்தது. வெற்றி பெற்றவன் முகம் இவ்வளவு வெளிறிப்போய் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இதை வாங்கறப்போ நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?" ஜோலீன் கூடையைக் கீழே வைத்தாள். "பழைய ட்ரெய்லர் வாங்கறதுன்னா அடுத்தவன் தலைவலியைக் காசு குடுத்து வாங்கறதுன்னே. என் அண்ணன் முன்னாடி, அண்ணி முன்னாடி. ஜூன்ல ஒரு நாள் கட்டில்லேருந்து காலைக் கீழ வெச்சேன். அமுங்கிச்சு. உன்கிட்ட சொல்லியிருந்தா அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் டேபிள்ல அதுதான் பேச்சு. அதனால மேல ஒரு மிதியடியைப் போட்டேன், கடையில போய் மரவேலை தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டேன்."

"மரவேலைக்கு எதுக்குக் கதவைச் சாத்தணும்?"

"கொசு," என்றாள் ஜோலீன்.

லைல் தலையாட்டினான். விஸ்கான்சினில் ஆகஸ்ட் மாதத்தில் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

பெர்னடெட் மட்டும் வெண்டலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதாகச் சொன்ன அந்த நாலு பேர், கதவு சாத்தியிருந்ததைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறார்கள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. பச்சைத் தொப்பிக்காரன் டுவேன் முதல் படியில் ஏறி நின்றான். உள்ளே ஜோலீனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்து நுழைந்தான். உச்சந்தலையில் ஒரு பான்கேக் அளவுக்கு வழுவழுவென்று வழுக்கை.

"சத்தம் கேட்டுச்சு. யாருக்காவது அடியா?" பள்ளத்தைப் பார்த்தான். "அந்த இடத்தைத்தான் அடுத்து பிரிக்கறதா இருந்தேன். மன்னிக்கணும், மிஸ்டர் ப்ரெக்கி. ஜன்னல் எல்லாத்துக்கும் பசை போட்டு அடைச்சேன். கூரையை ரெண்டு தடவை அடைச்சேன். தண்ணி எங்கேருந்து வருதுன்னுதான் பிடிபடல."

"உன்னை யாரு கேட்டா?" என்றான் வெண்டல்.

"நான் கேக்கறேன்," என்றாள் பெர்னடெட். "உங்ககிட்ட காஞ்ச இலையை ஊதித் தள்ளற மிஷின் இருக்கா? கொஞ்சம் சோப்புத் தண்ணியும் வேணும்."

டுவேன் திகைத்தான். "இருக்கு."

"பாத்திரம் கழுவற சோப்பு என்கிட்ட இருக்கு," என்றாள் ஜோலீன். பிறகு சந்தேகமாக, "நீங்க வாங்க வந்தவங்கதானே?"

"வாங்கறதுக்கு முன்னாடி நல்லாக் குளிப்பாட்டிப் பாக்கறது எங்க வழக்கம்," என்றான் லைல்.

ஜன்னல்களையும் கூரைத் துவாரத்தையும் சாத்தி, இண்டு இடுக்கில் எல்லாம் லைல் டேப் ஒட்டினான். ஒரே ஒரு ஜன்னலில் அட்டையை வைத்து, அதில் ஓட்டை போட்டு, ஊதும் மிஷினின் குழாயைச் சொருகினான். மிஷின் அலறியது. காற்றை விழுங்கிய ட்ரெய்லரின் தகரச் சுவர்கள் முனகின. அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலியும் பீருமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"உள்ளேருந்து காத்து எந்த ஓட்டை வழியா வெளிய வருதோ, அந்த ஓட்டை வழியாத்தான் வெளியேருந்து தண்ணி உள்ள போகும்," என்றாள் பெர்னடெட். "ஓட்டையைக் கண்ணால தேட வேணாம். அதுவே கூப்பிடும்."

லைல் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே சுற்றி வந்தான். ஜன்னல் ஓரங்கள் சும்மா இருந்தன. டுவேன் போட்ட பசை கச்சிதமாக இருந்தது. பின்பக்க விளக்குகள் சும்மா இருந்தன. கூரை விளிம்பு சும்மா இருந்தது.

கதவுப் பக்கம் வந்தார்கள்.

இந்த முகாமில் ஒவ்வொரு ட்ரெய்லரிலும் குடும்பப் பெயர் செதுக்கிய மரப்பலகை ஒன்று தொங்கும். ஒருவர் வீட்டில் கரடி, ஒருவர் வீட்டில் மீன். ப்ரெக்கி வீட்டில், கதவுக்கு மேலே ஒரு ஓரமாக, அலையில் மிதக்கும் லூன் என்ற நீர்ப்பறவை. சிவப்புக் கண். அதன் கீழே வெண்டல், ஜோலீன் என்று இரண்டு பெயர்கள். மே மாதம் கல்யாண நாளுக்கு வெண்டல் தன் கையாலேயே செதுக்கி மாட்டியது.

லைல் அதன்மீது தெளித்தான். பலகையின் நான்கு மூலைகளிலிருந்தும் நுரை புசுபுசுவென்று பொங்கியது. பெயர்களை மூடிக்கொண்டு வழிந்தது.

"பாஸ், பறவைக்கு வலிப்பு வந்துடுச்சு."

"கழட்டு."

"தொடாதீங்க," என்று வெண்டல் முன்னால் வந்தான். "அது கல்யாண நாள் பரிசு."

"கழட்டிப் பாத்துட்டுத் திரும்ப மாட்டிடறோம்."

"வேணாம்னு சொல்றேன்ல. அது இருக்கற இடத்துல இருக்கட்டும்."

ஜோலீன் அவனை வினோதமாகப் பார்த்தாள். "உனக்கு என்ன ஆச்சு? ஓட்டை அங்கதான் இருக்குன்னு கண் முன்னாடி தெரியுதே."

பெர்னடெட் மிஷினை நிறுத்தச் சொன்னாள். திடீர் அமைதியில் ஏரியிலிருந்து ஒரு மோட்டார் படகின் சத்தம் கேட்டது.

"மிஸ்டர் ப்ரெக்கி, ஒரே ஒரு கேள்வி. டுவேனுக்கு வழுக்கைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் டுவேனைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் தொப்பி மறுபடி அவன் தலையில் ஏறியிருந்தது. காதோரத்தில் நரைச் சுருள்.

"இவருக்கு வழுக்கையா?" என்றார் மடக்கு நாற்காலியிலிருந்து ஒருவர். "வருஷக்கணக்கா கூட மீன் பிடிக்கறேன், எனக்கே தெரியாது."

"பாத்தீங்களா?" என்றாள் பெர்னடெட். "படகுல தொப்பி. கடையில தொப்பி. தூரத்துலதான் பாத்திருக்கேன், கை கூடக் குலுக்கினதில்லன்னு நீங்களே சொன்னீங்க. இவர் எப்ப தொப்பியைக் கழட்டுவார் தெரியுமா? ஒரு பொம்பளை இருக்கற வீட்டுப் படி ஏறும்போது."

"எங்கம்மா பழக்கினது," என்றான் டுவேன் கூச்சமாக.

"அந்தப் படியில, அந்த ஒரு நொடியில, குனிஞ்ச தலையோட உச்சி தெரியணும்னா, பாக்கற கண்ணு கதவுக்கு மேலே இருக்கணும்." அவள் லூன் பறவையின் சிவப்புக் கண்ணைச் சுட்டிக் காட்டினாள். "லைல், இப்ப கழட்டு."

இந்த முறை வெண்டல் தடுக்கவில்லை.

ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றும் விரல் நீளம் இருந்தன. தகரத்தைத் துளைத்து, சுவரைத் துளைத்து உள்ளே போயிருந்தன. சுற்றிலும் ஒரு பொட்டுப் பசை இல்லை. பலகையைத் திருப்பினான் லைல். பறவையின் தலைக்குள் குடையப்பட்டிருந்தது. அதற்குள், மான் வேட்டைக்காரர்கள் காட்டில் மரத்தில் கட்டி வைக்கும் சின்னக் கேமரா.

"மான் ஏதாவது மாட்டிச்சா?" என்று கேட்ட லைல், ஜோலீனின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

பெர்னடெட் குரலைத் தாழ்த்தினாள். "கூரைத் தண்ணி பூரா இந்த மூலையிலதான் வந்து கொட்டுது. நேரா பலகை மேல. ஒவ்வொரு மழைக்கும் இந்த நாலு ஓட்டை வழியா சுவருக்குள்ள இறங்கி, விரிப்புக்கு அடியில சரிவைப் பாத்து ஓடிப்போய், தாழ்வா இருக்கற கட்டில்கிட்ட தேங்கியிருக்கு. அதான் அங்க முதல்ல கெட்டுது. பரிசுப் பலகையை யாருக்கும் கழட்டிப் பாக்கத் தோணல. கதவுலேருந்து கட்டில் வரைக்கும் தினம் நடந்தது உங்க சந்தேகம்தான், மிஸ்டர் ப்ரெக்கி."

நாற்காலிக்காரர்கள் மெல்ல எழுந்து, தங்கள் பீரோடு கலைந்து போனார்கள். அந்த அளவுக்கு அவர்களுக்கு இங்கிதம் இருந்தது.

ஜோலீன் பலகையை லைலின் கையிலிருந்து வாங்கினாள். நுரையை மேல்சட்டை நுனியால் துடைத்தாள்.

"இதுக்கு நான் எண்ணெய் போட்டு எண்ணெய் போட்டுத் துடைச்சேன், வெண்டல். வெயில்ல வெளுத்துடக் கூடாதுன்னு. அந்தக் கண்ணையும் சேத்துத் துடைச்சேன்."

வெண்டல் ட்ரெய்லர் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மே மாசம் எனக்கு இங்க யாரையும் தெரியாதே. யாரை நெனச்சு இதை மாட்டினே?"

"யாரையும் இல்ல." அவன் குரல் உடைந்திருந்தது. "முதல் வாரம் போன் பண்ணினேன். நீ சிரிச்சுக்கிட்டே எடுத்தே. நான் மழையில ரோட்டோரமா நிக்கறேன், நீ இங்க சிரிக்கறே. என்கூட இருக்கறப்போ நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. யாரோ பக்கத்துல இருக்கான்னு தோணிச்சு. அப்புறம் அது போகவே இல்ல."

"அணில்," என்றாள் ஜோலீன். "ஒரு அணில் முழு ரொட்டியை இழுத்துக்கிட்டுப் போச்சு. படியில உருண்டு விழுந்துது. அதுக்குச் சிரிச்சேன்."

லைல் பெர்னடெட்டின் காதருகே வந்தான். அவன் முகத்தில் வழக்கமான கேலி இல்லை. "அந்தப் பல் டாக்டர் விஷயம். நான் உன் காரை ஒரு தடவை பின்தொடர்ந்து வந்தேன். ஒரே ஒரு தடவை."

"தெரியும். உன் சைலன்ஸர் சத்தம் மேசை வரைக்கும் கேட்டுச்சு."

"ஓ." டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். "சரி, கேஸ் முடிஞ்சுது. புருஷனுக்குப் புத்தி வந்துடுச்சு. போய் ஏதாவது சாப்பிடலாமா?"

"கொஞ்சம் இரு," என்றாள் பெர்னடெட். அவள் வெண்டலைப் பார்க்கவில்லை. ஜோலீனையும் டுவேனையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரைவிட்டு ஒருவர் தள்ளியே நின்றிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. பார்த்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

வெண்டல் தலையை நிமிர்த்தினான். "நான் ஒரு முட்டாள், ஜோலீன். ஒத்துக்கறேன். ட்ரெய்லரை எங்கேயும் இழுத்துட்டுப் போகல. தரையை நானே பிரிச்சு, நானே போடறேன். ராத்திரி வீட்டுக்கு வர்ற மாதிரி உள்ளூர் ஓட்டம் கேட்டு வாங்கிக்கறேன்." அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. மாதக்கணக்கில் கழுத்தை நெரித்த கயிறு அவிழ்ந்த வெளிச்சம். "அப்போ இவ்வளவு நாளா நான்தான் கண்டதையும் நெனச்சுக்கிட்டு... உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. அப்படித்தானே?"

"மிஸ்டர் ப்ரெக்கி," என்றாள் பெர்னடெட் அவசரமாக, "நீங்க கேட்டதுக்கு நான் பதில் கண்டுபிடிச்சுட்டேன். கால்ல மருந்து போடுங்க. அந்தக் கேள்வியை இன்னிக்கு விட்டுடுங்க."

"ஏன் விடணும்? அவ வாயால ஒரு தடவை கேட்டுட்டா எனக்கு நிம்மதி. சொல்லு ஜோலீன். ஒண்ணும் இல்லதானே?"

டுவேன் தரையைப் பார்த்தான். ஜோலீன் பலகையைக் கணவனின் மடியில் வைத்தாள். கோபம் இல்லாமல், ஏறக்குறைய இரக்கத்தோடு அவனைப் பார்த்தாள்.

"தரை கெட்டுப் போற வரைக்கும் ஒண்ணும் இல்ல, வெண்டல். அவர் பேரு கூட எனக்குத் தெரியாது."